சுண்டக்காயை அளந்த கமிட்டி

"இந்த மருத்துவமனையில் இனிமேல் ஒரு குடலும் வழிகாட்டு நெறியை மீறி அசையாது" என்று டாக்டர் முத்துக்குமரன் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நூருல் அமீனின் குடல் மீறி அசைந்தது.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு லிட்டர், விடியுமுன் ஒரு லிட்டர் என்று பேதிக் கரைசலைக் குடித்துவிட்டு, வில்லாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். காலை எட்டு மணிக்குக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆனால் அதே எட்டு மணிக்கு குணசாகரம் மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனையில் 'வழிகாட்டு நெறி அனுசரிப்புக் கமிட்டி'யின் பெயர்ப்பலகைத் திறப்பு விழா வைத்திருந்தார்கள். காலி நாற்காலிகள் போட்டோவில் நன்றாக இருக்காது என்பதால், காத்திருந்த நோயாளிகளையெல்லாம் மரியாதையாக அழைத்துவந்து ஹாலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"நம்ம ஊர்ல ஒரு வியாதி இருக்கு" என்று தொடர்ந்தார் டாக்டர் முத்துக்குமரன். அவர்தான் கமிட்டியின் தலைவர். "எவ்வளவு வலின்னு கேட்டா இம்புட்டுங்கிறான். எத்தனை நாளான்னா அம்புட்டு நாளாங்கிறான். அம்புட்டு இம்புட்டுல அறிவியல் ஓடாது. நோயாளி படிக்காதவன், சொல்லிட்டுப் போறான். ஆனா டாக்டர்? நமக்கு முன்னாடி இங்க ஒருத்தர் இருந்தார். பேரைச் சொல்றது நாகரிகம் இல்ல. டாக்டர் தனிஸ்லாஸ்னு வச்சுக்குவோம். குடல்ல இருந்து பாலிப் எடுத்தா, அளவு எழுத வேண்டிய இடத்துல என்ன எழுதுவார் தெரியுமா? மிளகளவு. சுண்டக்காய் அளவு. நெல்லிக்காய் அளவு. நாம நடத்துறது ஆஸ்பத்திரியா, காய்கறிக் கடையா?"

ஹால் சிரித்தது. நூருல் அமீன் சிரிக்கவில்லை. அந்த நிலைமையில் சிரிப்பது ஆபத்து என்பது ஒரு காரணம். அந்தச் சுண்டக்காய் அவருடையது என்பது இன்னொரு காரணம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு டாக்டர் தனிஸ்லாஸ் அவருடைய குடலின் உட்சுவரில் மொக்கு மாதிரி முளைத்திருந்த ஒரு பாலிப்பைக் கண்டுபிடித்து அங்கேயே அறுத்து எடுத்தார். மயக்கம் தெளிந்ததும் சின்ன பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாருங்க பாய், சுண்டக்காய். இப்ப ஒண்ணும் செய்யாது. விட்டு வச்சா பின்னாடி புத்துநோயா மாறலாம். ஒண்ணு முளைச்ச இடத்துல இன்னொண்ணு முளைக்கும். மூணு வருஷத்துல வந்து காட்டிருங்க, மறந்துறாதீங்க" என்றார்.

மறக்க விடுகிற ஆளா அஜ்மல் பீவி. நூருல் அமீனின் மனைவி. அவளுடைய அண்ணனுக்கும் இதே மாதிரி ஒன்றை எடுத்திருந்தார்கள். அடுத்த வருடம் காட்டிக்கொள்ளலாம், நோன்பு முடியட்டும், கல்யாண வேலை முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் காட்டப் போனபோது காட்டுவதற்கு அதிகமாக இருந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அஜ்மல் பீவி வீட்டுக் காலண்டரில் நோன்பு, பெருநாள் தேதிகளோடு கணவரின் குடலுக்கும் ஒரு தேதி குறித்து வைத்திருந்தாள். அந்தத் தேதிதான் இன்று.

விழா முடிந்து, பொன்னாடைகள் முடிந்து, மூன்று முறை கழிப்பறை போய்வந்து நூருல் அமீன் கவுண்டருக்குப் போனார். கமிட்டியின் செயலாளர் சரண்யாதேவி அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க அளவு கட்டம் சிவப்பா இருக்கு."

"என்னம்மா அர்த்தம்?"

"பாலிப் பத்து மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா மூணு வருஷத்துல பாக்கணும். பத்துக்குக் கீழன்னா ஏழு வருஷம். உங்களுக்குச் சுண்டக்காய்னு போட்டிருக்கு. கட்டத்துல நம்பர் மட்டும்தான் ஏறும்."

"லேப் ரிப்போர்ட்ல இருக்குமேம்மா."

"பாத்துட்டேன் சார். லேப் ரிப்போர்ட்ல வகை போட்டு, 'அளவுக்கு டாக்டர் குறிப்பைக் காண்க'ன்னு இருக்கு. டாக்டர் குறிப்புல 'சுண்டக்காய் அளவு, மத்ததுக்கு லேப் ரிப்போர்ட்டைக் காண்க'ன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்கு."

"மூணு வருஷத்துல வரச் சொல்லி டாக்டர் வாயால சொன்னாரும்மா."

"வாய்க்குக் கட்டம் இல்ல சார்."

"எதுக்கு வம்பு, இன்னைக்குப் பாத்துருங்களேன். குடிச்சிட்டு வந்திருக்கேன்ல."

சரண்யாதேவி குரலைத் தாழ்த்தினார். அடுத்த மாதம் தரச் சான்றிதழ் கொடுப்பதற்காக டெல்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நூறு சதவீத அனுசரிப்பு காட்ட வேண்டும். வர வேண்டிய நேரத்தில் வராத நோயாளி கணக்கிலேயே வர மாட்டார், அதனால் அவரால் தொல்லை இல்லை. வரக்கூடாத நேரத்தில் வந்து பரிசோதனை செய்துகொள்கிறவர்தான் சதவீதத்தைக் கெடுப்பவர். "உங்களைக் கெடுதலான நோயாளின்னு சொல்லல சார். வியாழக்கிழமை கமிட்டி கூடுது. வந்து சொல்லுங்க" என்றார்.

அன்று குடித்த இரண்டு லிட்டரும் எந்த நெறியிலும் சேராமல் போயிற்று.

வியாழக்கிழமை நூருல் அமீன் சட்டைப் பையில் ஒரு பட்டனோடு வந்தார். விளக்குத்தூண் பக்கம் அவருக்குப் பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கும் கடை. முப்பது வருடமாகப் பட்டனில் புழங்கிய கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிப் பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு டாக்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டியபோது, பயத்தில் அல்லாஹ்வை நினைப்பதற்கு முன்னாலேயே அவர் மனதில் ஓடியது, பன்னிரண்டு மில்லி என்பதுதான்.

கமிட்டியில் ஐந்து பேர். ஒருவர் வக்கீல், ஒருவர் ஆடிட்டர், ஒருவர் விளம்பரப் பிரிவு, ஒருவர் சரண்யாதேவி. தலைவர் டாக்டர் முத்துக்குமரன் எலும்பு டாக்டர். குடலை நேரில் பார்த்தவர் என்று அந்த மேஜையில் எவரும் இல்லாததால் விவாதம் ஒரு பக்கமாகச் சாயாமல் நடந்தது.

நூருல் அமீன் பட்டனை மேஜையில் வைத்தார். "இம்புட்டு இருந்துச்சு டாக்டர். நான் கண்ணால பாத்தேன். பன்னிரண்டு மில்லி. வேணும்னா அளந்து பாருங்க."

டாக்டர் முத்துக்குமரன் அளந்தார். சரியாகப் பன்னிரண்டு.

"இதுல என்ன நிரூபணமாகுதுன்னா, இந்தப் பட்டன் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதைக் கமிட்டி ஏத்துக்குது. பாலிப்பைப் பத்தி இந்தப் பட்டன் ஒண்ணும் சொல்லல."

"நான் சொல்றேனே டாக்டர்."

"நீங்க அப்ப மயக்கத்துல இருந்தீங்க" என்றார் வக்கீல்.

"தெளிஞ்ச பிறகு சார்."

"தெளிஞ்சிருச்சுங்கிறதுக்கு ஆதாரம்?"

ஆடிட்டர் ஒரு புது விஷயத்தைக் கண்டுபிடித்தார். "பாட்டில்ல மருந்துத் தண்ணி இருந்திருக்கும். அதுல போட்டா சதை சுருங்கும்னு எங்கயோ படிச்சிருக்கேன். அப்ப இவர் பாத்ததே நிஜ அளவு இல்ல."

"சுருங்கியே பன்னிரண்டுன்னா, நிஜம் இன்னும் பெருசுதானே சார்?" என்றார் நூருல் அமீன்.

"அது உங்களுக்குச் சாதகமான வாதம்" என்றார் டாக்டர் முத்துக்குமரன் வருத்தத்துடன். "கமிட்டி யார் பக்கமும் சாயக்கூடாது. நம்மகிட்ட இருக்கிற ஒரே எழுத்துப்பூர்வ ஆவணம் 'சுண்டக்காய்'. அது எவ்வளவு கேவலமான அளவா இருந்தாலும் ஆவணம் ஆவணம்தான். சுண்டக்காய் எத்தனை மில்லிமீட்டர்னு அறிவியல்பூர்வமா முடிவு பண்ணினா விஷயம் முடிஞ்சது. செவ்வாய்க்கிழமை கள ஆய்வு. அளவு முடிவானதும் அன்னைக்கே பரிசோதனை பண்ணிரலாம். நீங்க குடலைச் சுத்தம் பண்ணித் தயாரா வந்துருங்க."

பட்டனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கோப்பில் இணைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை இரவு நூருல் அமீன் மறுபடியும் அந்த எலுமிச்சை வாசனைக் கரைசலைக் கையில் எடுத்தபோது அஜ்மல் பீவி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு டம்ளருக்கும் துஆ ஓதினாள். "இதோட முடிஞ்சிரும்ங்க. மூக்கைப் பிடிச்சிட்டுக் குடிங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. கமிட்டியின் கார்கள் சர்வீஸுக்குப் போயிருந்தன. ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்த பிறகு நோயாளிக்கு ஸ்ட்ரெச்சரில் இடம் கிடைத்தது. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட் வரைக்கும் வண்டி ஒவ்வொரு வேகத்தடையையும் தனித்தனியாக ஏறி இறங்கியது. நூருல் அமீன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொண்டார்.

மார்க்கெட்டில் ஒச்சாயி என்ற பெண்மணி சாக்கு விரித்துக் காய்களைக் குவித்து வைத்திருந்தார். ஆம்புலன்ஸிலிருந்து கோட்டுப் போட்ட ஆட்கள் இறங்கி நேராகத் தன்னிடம் வருவதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சுண்டக்காய் இருக்கா?" என்றார் டாக்டர் முத்துக்குமரன்.

"பச்சையா, வத்தலா?"

டாக்டர் முத்துக்குமரன் சரண்யாதேவியைப் பார்த்தார். சரண்யாதேவி டேப்லெட்டைப் பார்த்தார். டேப்லெட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை. எல்லோரும் சேர்ந்து நூருல் அமீனைப் பார்த்தார்கள். அவர் கழிப்பறை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ரெண்டு வகை இருக்கா?" என்றார் ஆடிட்டர்.

"நீங்க சாப்பிட்டதே இல்லையாக்கும்" என்றார் ஒச்சாயி. "பச்சை இம்புட்டு இருக்கும். மோர்ல ஊறவச்சுக் காயப்போட்டா வத்தல், சுருங்கி இத்தினிக்கூண்டா ஆயிரும். எதுக்குக் கேக்குறீங்க, வத்தக்குழம்புக்கா?"

வக்கீல் பொறுமையாக விளக்கினார். ஒரு டாக்டர் ஒரு நோயாளியின் குடலில் எடுத்ததைச் சுண்டக்காய் அளவு என்று எழுதிவிட்டார். அது எந்தச் சுண்டக்காய் என்று தெரிய வேண்டும்.

ஒச்சாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வத்தலா இருந்தா வத்தல்னு எழுதியிருப்பாரு. வெறும் சுண்டக்காய்ன்னா பச்சைதான்யா. இதைக் கேக்கவா அஞ்சு பேரு ஆம்புலன்ஸ்ல வந்தீங்க?"

"உங்க கருத்தைக் கமிட்டி பதிவு பண்ணிக்கும்" என்றார் டாக்டர் முத்துக்குமரன். "ஆனா ஏத்துக்காது. நீங்க உறுப்பினர் இல்ல."

புதிதாக வாங்கிய அளவுக் கருவியை உறையிலிருந்து எடுத்தார்கள். ஐம்பது பச்சை, ஐம்பது வத்தல். ஆடிட்டர் அளந்து சொல்ல, சரண்யாதேவி ஏற்றிக்கொண்டார். பதினான்காவது காயில் வக்கீல் ஆட்சேபம் தெரிவித்தார், காம்போடு அளப்பதா காம்பில்லாமலா என்று. முதலிலிருந்து தொடங்கினார்கள். இதற்குள் நூருல் அமீன் இரண்டு முறை மார்க்கெட்டின் கடைசிக்கு ஓடிப்போய் வந்தார். மூன்றாம் முறை ஓடும்போது ஒச்சாயி பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது: "அந்த மனுசனைப் பாத்துத் தொலைங்கய்யா. காய் எங்கயும் ஓடாது."

மதியம் மூன்று மணிக்கு மருத்துவமனையில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. செய்தி கேட்டு அஜ்மல் பீவியும் வந்திருந்தாள்.

"பச்சைச் சுண்டக்காயின் சராசரி, பன்னிரண்டு மில்லிமீட்டர். வத்தல் ஏழு. ஆவணத்தில் எதுவென்று குறிப்பிடாததால், கமிட்டி இரண்டையும் சமமாக மதிக்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒன்பதரை. ஒன்பதரை என்பது பத்துக்குக் குறைவு. எனவே நோயாளி ஏழு வருடப் பிரிவு. மூன்று வருடம் முடிந்துவிட்டது. இன்னும் நான்கு வருடம் கழித்து வரலாம்" என்று வாசித்துவிட்டு டாக்டர் முத்துக்குமரன் காகிதத்தைக் கீழே வைத்தார். "பச்சைக்கும் பாதகம் இல்ல. வத்தலுக்கும் பாதகம் இல்ல. இதான் நடுநிலை."

நூருல் அமீன் பேச எழுந்தவர், அப்படியே கழிப்பறைக்கு நடந்தார். காலையிலிருந்து அவருக்குள் எதுவுமே தங்கவில்லை.

அஜ்மல் பீவி எழுந்தாள். "டாக்டர், அரைச் சுண்டக்காயைப் பச்சையாவும் அரைச் சுண்டக்காயை வத்தலாவும் எந்தக் குடல்லயாச்சும் பாத்திருக்கீங்களா? எங்க அண்ணன் அடுத்த வருசம் பாத்துக்கலாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லித்தான் மவுத்தாப் போனாரு. அவரு சோம்பேறித்தனத்துல சொன்னதை நீங்க கமிட்டி போட்டுச் சொல்றீங்க. அம்புட்டுதான வித்தியாசம்?"

"அம்மா, உங்க வருத்தம் புரியுது" என்றார் டாக்டர் முத்துக்குமரன். "ஆனா உங்க அண்ணன் நம்ம ஆஸ்பத்திரி நோயாளி இல்லை. அதனால அவர் நம்ம சதவீதத்துல வரல. அந்த வகையில கவலைப்பட ஒண்ணும் இல்லை."

சரண்யாதேவி ஒரு சான்றிதழை லேமினேட் பண்ணிக் கொடுத்தார். 'நூருல் அமீன் அவர்கள் வழிகாட்டு நெறிப்படி நலமாக உள்ளார்.' கோப்பின் நகலையாவது கொடுங்கள், வேறு எங்காவது காட்டிக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு, சான்றிதழ்க் குழு வந்து போகும்வரை கோப்புகளை வெளியே விட நெறியில் இடமில்லை என்றார். பட்டனையும் கேட்டுப் பார்த்தார் நூருல் அமீன். அது இணைப்பு எண் நான்கு ஆகிவிட்டது.

வாசலில் வார்டு உதவியாளர் வீரணன் பீடியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தப் பாட்டிலை லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான்.

"பாய், நம்ம தனிஸ்லாஸ் டாக்டர் வாடிப்பட்டியில இருக்காரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, சின்ன ஆஸ்பத்திரி. கேமரா கிமரா எல்லாம் இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"ஃபைலைத் தர மாட்டேங்கிறாங்களே வீரணன்."

"ஃபைலுக்கா பாய் கேமரா விடப் போறாரு?"

மறு வாரம் வாடிப்பட்டி. மூன்றாம் முறை கரைசல். டாக்டர் தனிஸ்லாஸ் முதல் நாளே வரச் சொல்லி, கழிப்பறையோடு ஒரு அறை கொடுத்திருந்தார். "இங்கயே உக்காந்து குடிங்க பாய். பஸ்ல வச்சு உங்களைச் சோதிக்க நான் கமிட்டி இல்ல."

கமிட்டியின் கதையை முழுக்கக் கேட்ட பிறகு அவர் சிரிப்பார் என்று நூருல் அமீன் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "தப்பு என் மேலயும் இருக்கு பாய். உங்களுக்குப் புரியணுமேன்னு சுண்டக்காய்னு எழுதினேன். பக்கத்துலயே பன்னிரண்டு மில்லிமீட்டர்னும் எழுதியிருக்கணும். மூணு வருஷம்னு தேதியையும் எழுதியிருக்கணும். அந்த நெறி ஒண்ணும் தப்பு இல்ல. படிச்சா நமக்கு நல்லதைத்தான் சொல்லுது."

மறுநாள் காலையில் மயக்கம் தெளிந்து நூருல் அமீன் கண்ணைத் திறந்தபோது டாக்டர் ஒரு சின்ன பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அஜ்மல் பீவி கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணு இருந்துச்சு. எடுத்தாச்சு. மூணு மில்லிமீட்டர். மிளகு." இரண்டையும் எழுதி, அடுத்து வர வேண்டிய தேதியையும் எழுதிக் காட்டினார்.

"நாலு வருசம் விட்டிருந்தா டாக்டர்?" என்றாள் அஜ்மல் பீவி.

"மிளகு மிளகாவே இருந்திருக்கலாம். சுண்டக்காயாவும் ஆகியிருக்கலாம். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அதனாலதான் தேதி." அவர் நடுத் திரையை விலக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

அங்கே ஒருவர் வந்து படுத்திருப்பதை நூருல் அமீன் காலையிலேயே பார்த்திருந்தார். வாய்க்கு மாஸ்க், தலைக்குத் துண்டு. கட்டிலில் தொங்கிய அட்டையில் 'காசிமாயன், விவசாயி, அலங்காநல்லூர்' என்று இருந்தது. விவசாயிக்கு அவ்வளவு வெள்ளையான உள்ளங்கை இருப்பது நூருல் அமீனுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

"காசிமாயன், ஒண்ணு எடுத்திருக்கேன்" என்று திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் தனிஸ்லாஸின் குரல் கேட்டது. "பன்னிரண்டு மில்லிமீட்டர். பயப்பட ஒண்ணும் இல்ல. லேபுக்கு அனுப்புறோம். மூணு வருஷத்துல வந்து பாத்துக்கணும்."

அந்தப் பக்கம் போர்வை சரசரத்தது.

"கேட்டுச்சா? பன்னிரண்டு மில்லிமீட்டர்."

"கேட்டுச்சு." அந்தக் குரலை நூருல் அமீன் எங்கேயோ கேட்டிருக்கிறார். ஒலிபெருக்கி இல்லாததால் பாதியாகத்தான் இருந்தது. அஜ்மல் பீவி கணவரின் கையை அழுத்தினாள். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"சார்" என்றது குரல். "எம்புட்டு இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே. பன்னிரண்டு."

"அது சரி சார். நம்பர் தெரியுது. ஆனா... கண்ணால பாத்தா எம்புட்டு இருக்கும்?"

டாக்டர் தனிஸ்லாஸ் பாட்டிலைக் கட்டில் மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. "சுண்டக்காய்" என்றார்.

கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்கிற ரகசியக் குரலில், அந்த மனிதர் கேட்டார்.

"பச்சையா சார், வத்தலா?"